பிரகடனங்களும் பொறுப்புக்கூறலும்: சப்ரகமுவவின் இருநூறு ஆண்டு அனுபவம்

அவசரகாலப் பிரகடனம், ஊரடங்கு உத்தரவு, அதிவிசேட வர்த்தமானி ஆகிய சொற்கள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்ட லயன்களில் வாழும் முதியவர்களுக்குப் புதியவையல்ல. மாவனல்லை முதல் பலாங்கொடை வரையான சிறு நகரங்களில் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வரும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் அவை பழகிப்போன சொற்களே. எனினும், இவ்வாணைகள் எங்கிருந்து வந்தன, எந்த அதிகாரத்தின்கீழ் பிறப்பிக்கப்படுகின்றன, அவற்றின் பெயரால் நிகழ்ந்தவற்றுக்கு யார் பொறுப்பு என்பன பற்றி நம்மவர் மத்தியில் போதிய தெளிவு இல்லை. சப்ரகமுவவின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இதனைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

பிரகடனம் என்பது ஆட்சியாளர் விவாதமின்றி வெளியிட்டு உடனடியாக நடைமுறைப்படுத்தும் ஆணையாகும். உள்நாட்டுக் குழப்ப காலங்களில் அது பொதுவாக மூன்று பணிகளைச் செய்கின்றது. முதலாவதாக, மக்களில் யார் விசுவாசிகள், யார் துரோகிகள் எனப் பெயரிடுகின்றது. இரண்டாவதாக, வழமையான சட்டத்தை ஒத்திவைத்து, அதன் இடத்தில் படையினருக்கும் அதிகாரிகளுக்கும் மேலதிக அதிகாரம் வழங்குகின்றது. மூன்றாவதாக, குழப்பம் அடங்கிய பின்னர் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியோரை வழக்குகளிலிருந்து காப்பாற்றுகின்றது. முதலிரண்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிபவை. மூன்றாவது பெரும்பாலும் ஓசையின்றி நிறைவேறுவது. நமது கவனத்துக்கு மிகவும் உரியதும் அதுவே.

ஆங்கிலேயர் தமக்கு வகுத்த வரம்பு

இலங்கையின் அவசரகாலச் சட்ட மரபு பிரித்தானிய ஆட்சியின் வழி வந்தது. அந்த மரபின் வேர்கள் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையில் நிகழ்ந்த மோதலில் உள்ளன. எனவே அதனைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது அவசியம்.

மன்னர் தமது பிரகடனத்தின் மூலம் மட்டும் புதிய குற்றம் ஒன்றை உருவாக்க முடியாது என்பதை 1610-இல் எட்வேட் கோக் தலைமையிலான நீதிபதிகள் எடுத்துரைத்தனர். முதலாம் சார்ள்ஸ் மன்னர் பாராளுமன்றத்தின் சம்மதமின்றிப் பணம் அறவிட்டார். காரணம் கூறாது மக்களைச் சிறையிலிட்டார். படையினரைக் குடிமக்களின் வீடுகளில் தங்கவைத்தார். இராணுவச் சட்டத்தின்கீழ் விசாரணை நடத்த ஆணையாளர்களை நியமித்தார். இந்நான்கையும் எதிர்த்து 1628-இல் பாராளுமன்றம் முன்வைத்த உரிமை மனுவை மன்னர் ஏற்க வேண்டியதாயிற்று. சமாதான காலத்தில் குடிமக்களை இராணுவச் சட்டத்தின்கீழ் விசாரிக்கக் கூடாது என்ற கோட்பாடு அன்று முதல் ஆங்கிலேயரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக நிலைபெற்றது.

ஆனால் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையிலான பிணக்கு தீரவில்லை. 1642 மார்ச்சில் பாராளுமன்றம் மன்னரின் ஒப்புதலின்றியே உள்ளூர்ப் படைகளைத் தன் பொறுப்பில் எடுக்கும் கட்டளையை வெளியிட்டது. அதற்குக் கீழ்ப்படியக் கூடாதென மே மாதம் மன்னர் பிரகடனம் செய்தார். பின்னர் தமக்கெனத் தனியாகப் படை திரட்டும் ஆணைகளையும் அனுப்பினார். ஒரே கிராமத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு கட்டளைகள் வந்து சேர்ந்தன. ஒன்றுக்குப் பணிந்தவர் மற்றதன் பார்வையில் துரோகியானார். அந்த ஆண்டு ஓகஸ்டில் போர் மூண்டது. மன்னரின் இராணுவச் சட்டத்தைக் கண்டித்த பாராளுமன்றமே 1644-இல் இலண்டனில் இராணுவச் சட்ட ஆணையாளர்களை நியமித்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. அதிகாரம் கைமாறினால் கொள்கையும் மாறும் என்பதற்கு இது பழைய சான்று.

இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் அரியணை ஏறிய 1660-இல், நடந்தவற்றை மன்னித்து மறக்கும் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. மன்னரின் மரண தண்டனைக்குப் பொறுப்பானவர்கள் உள்ளிட்ட சிலரைத் தவிர ஏனையோர் அதன்மூலம் வழக்குகளிலிருந்து விடுபட்டனர். இரு தரப்பினரும் மீண்டும் ஒரே நாட்டில் வாழ அது வழிசெய்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதிகாரத்தைப் பயன்படுத்தியோருக்குப் பின்னர் சட்டத்தால் காப்பளிக்கும் வழக்கத்தை நாம் பிற்காலத்தில் இலங்கையிலும் காண்கின்றோம். ஆனால் இங்கு அதன் நிழல் ஆட்சித் தரப்பினர் மீதே விழுந்தது.

1818: விசுவாசத்துக்கு விலை

1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையோடு சப்ரகமுவ பிரித்தானிய ஆட்சியின்கீழ் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் கண்டி மன்னருக்கு எதிராகக் கிளர்ந்த எகலப்பொல, சப்ரகமுவவின் திசாவையாக இருந்தவர். மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பிடித்தவர்களுள் முதன்மையானவராகக் கூறப்படும் எக்நெலிகொடவும் இப்பகுதியைச் சேர்ந்தவரே.

1817-இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சியின் மையமாக நின்றவர் தம்மை நாயக்க மன்னர் பரம்பரையைச் சேர்ந்த துரைசாமி எனக் கூறிக்கொண்டார். வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்கார் என்பவரை பிரித்தானிய அதிகாரிகள் நியமித்தமை அப்பகுதித் தலைவர்களின் அதிருப்தியை வளர்த்த காரணங்களுள் ஒன்று. அவர் கிளர்ச்சியாளரால் கொல்லப்பட்டார். ஆளுநர் பிரவுண்ரிக் கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகளாகப் பிரகடனம் செய்து, அவர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தார். 1818-இல் வெளியான மற்றோர் ஆணை, கண்டி மாகாணங்களில் வாழ்ந்த முஸ்லிம்களைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து நீக்கி, அரசாங்க முகவர்களின்கீழ் நேரடியாகக் கொண்டுவந்தது.

கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர் 1818 நவம்பர் 21ஆம் திகதி வெளியான நீண்ட பிரகடனம் கண்டி உடன்படிக்கையின் பல வாக்குறுதிகளைச் சுருக்கியது. நெல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரியாக விதிக்கப்பட்டது. ஆயினும் விசுவாசமாக இருந்ததாகக் கருதப்பட்ட பகுதிகளுக்குப் பதினான்கில் ஒரு பங்கு போதும் எனச் சலுகை வழங்கப்பட்டது. இன்றைய கேகாலை மாவட்டத்தின் பெரும்பகுதியான நான்கு கோறளையும் மூன்று கோறளையும், சப்ரகமுவவின் பல கோறளைகளும் இச்சலுகையைப் பெற்றன. இவ்வாறு ஒரு தாளிலேயே அயலவர் இரு வகையாகப் பிரிக்கப்பட்டனர். பிரிவுக்கு நெல்லளவில் விலையும் குறிக்கப்பட்டது.

இப்பிரகடனங்களின் ஆயுள் எவ்வளவு என்பதைக் கவனிக்க வேண்டும். 1818-இல் துரோகிகள் எனப் பெயரிடப்பட்டவர்கள் மீதான அந்த அறிவித்தலை 2016 டிசம்பரில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மீளப்பெற்று, அவர்களைத் தேசிய வீரர்களாக அறிவித்தார். ஓர் ஆணையின் கறையைத் துடைக்க 198 ஆண்டுகள் தேவைப்பட்டன.

1915: பாதுகாப்பும் அத்துமீறலும்

சப்ரகமுவ 1889-இல் தனி மாகாணமாயிற்று. அக்காலப்பகுதியை அடுத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லைப் பிரதேசங்களில் இறப்பரும், பலாங்கொடை, இறக்குவானைப் பிரதேசங்களில் தேயிலையும் பரவின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் லயன்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டங்களையும் கிராமங்களையும் சார்ந்து முஸ்லிம் வணிகர்களின் கடைகளும் பெருகின. அவர்களுள் தமிழகக் கரையோரத்திலிருந்து வந்தோரும் இருந்தனர்.

1915 மே மாத இறுதியில், வெசாக் தினத்தையொட்டிக் கண்டியில் பள்ளிவாசல் ஒன்றின் அருகே மூண்ட மோதல் மிக விரைவில் பல மாகாணங்களுக்குப் பரவியது. கேகாலைப் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டனர். 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. மேலும் 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன என்பன அன்று பதிவான கணக்குகள். வாழ்நாள் உழைப்பை ஓரிரவில் இழந்தவர்களின் துயரத்தை இவ்வெண்கள் முழுமையாகக் கூறமாட்டா.

ஆளுநர் சேர் ரொபர்ட் சாமர்ஸ் ஜூன் 2ஆம் திகதி மேல் மாகாணத்திலும் சப்ரகமுவ மாகாணத்திலும் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். பின்னர் அது வேறு மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டு, ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கலவரத்தை ஜேர்மனியரின் சதியெனச் சந்தேகித்த அதிகாரிகளும் இருந்தனர். இந்தியப் படையினரோடு ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் தொண்டர் படையினராக ஆயுதம் ஏந்தினர். நேற்றுவரை கொழுந்து நிறுத்தவர்கள் இன்று கிராமத்துக்குள் துப்பாக்கியுடன் நுழையும் அதிகாரம் பெற்றனர்.

கலவரத்தை அடக்கவும் முஸ்லிம் மக்களின் உயிரையும் உடைமையையும் காக்கவும் உறுதியான நடவடிக்கை தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. அந்நடவடிக்கை முதல் நாட்களிலேயே எடுக்கப்பட்டிருந்தால் இழப்புகள் பெருமளவு குறைந்திருக்கும். ஆனால் கலவரம் தணிந்த பின்னரும் இராணுவ நீதிமன்றங்கள் தொடர்ந்து இயங்கின. விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களும் உண்டு. கொழும்பில் இளம் வர்த்தகரான ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். டி.பி. ஜயதிலக்க, டி.எஸ். சேனாநாயக்க போன்ற மதுவிலக்கு இயக்கத்தினர் தடுத்துவைக்கப்பட்டனர். நட்டஈட்டுக்கான சட்டத்தின்கீழ், பாதிக்கப்பட்ட பகுதிகளின் சிங்களக் குடியிருப்பாளர் மீது கூட்டாகப் பணம் விதிக்கப்பட்டது. குற்றம் செய்தவர், செய்யாதவர், முஸ்லிம் அயலவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் என்ற வேறுபாடு அங்கு பேணப்படவில்லை.

தடுத்துவைக்கப்பட்டவர்களுள் ஒருவரான டபிள்யூ.ஏ. டி சில்வாவின் ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தில் வெற்றி பெறவில்லை. இராணுவச் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருந்தபோதே, 1915 ஓகஸ்ட் 12ஆம் திகதி, இலண்டனிலிருந்து பொறுப்புவிலக்குக் கட்டளை வெளியிடப்பட்டது. கலவரத்தை அடக்க நல்லெண்ணத்துடன் செயற்பட்டோர் மீது வழக்குத் தொடுப்பதற்கு அது தடைவிதித்தது. 1628-இல் தம் மன்னரிடமிருந்து ஆங்கிலேயர் வென்றெடுத்த பாதுகாப்பு, 1915-இல் அவர்களது குடியேற்ற நாட்டு மக்களுக்குக் கிட்டவில்லை.

இவ்விடயத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் துணிவுடன் குரல் எழுப்பினார். 1916-இல் இலண்டனில் வெளியான அவரது 'இலங்கையில் கலவரங்களும் இராணுவச் சட்டமும்' என்ற ஆங்கில நூல், அதிகாரிகளின் அத்துமீறல்களை விரிவாகப் பதிவு செய்தது. அவர் நிலைநாட்ட முயன்ற கோட்பாடு சரியானதே. அதேவேளை, உயிரையும் உடைமையையும் பறிகொடுத்த முஸ்லிம்களின் காயத்துக்கு அவரது வாதத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை முஸ்லிம் சமூகத்தில் நீண்டகாலம் நிலவியது. அக்குறையிலும் நியாயம் உண்டு. ஒருவரது உரிமைக்காக வாதாடும்போது மற்றவரது இழப்பை மறந்துவிடும் பழக்கமே நம் இரு சமூகங்களையும் பல தடவைகள் பிரித்து வைத்திருக்கின்றது. கொலையாளிக்குத் தண்டனை வேண்டும் என்பதும், நிரபராதியைச் சுடக் கூடாது என்பதும் ஒன்றுக்கொன்று எதிரான கோரிக்கைகள் அல்ல.

பிற்பாடு ஆளுநராக வந்த சேர் ஜோன் அண்டர்சனின் காலத்தில் கேகாலைப் பகுதித் துப்பாக்கிச் சூடுகள் சில விசாரணைக்கு உள்ளாயின. ஆயினும் பொறுப்புவிலக்குக் கட்டளை அதற்கு முன்னரே தன் வேலையை முடித்திருந்தது.

1937: நீதிமன்றம் வகுத்த எல்லை

குடியேற்ற நாட்டு ஆணைகள் எப்போதும் வென்றுவிடவில்லை என்பதற்கு மலையகத்திலேயே ஒரு சான்று உண்டு. மடுல்கலைப் பகுதித் தோட்டம் ஒன்றில் பயிற்சித் துரையாக வந்த மார்க் பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்று பேசத் தொடங்கினார். தோட்டத்துரைமாரின் அதிருப்தியை அடுத்து, அவரை நாடுகடத்த ஆளுநர் சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் 1937 ஏப்ரலில் ஆணை பிறப்பித்தார். அதற்கு அவர் துணையாகக் கொண்டது, போர்க்கால நெருக்கடிகளுக்கென 1896-இல் ஆக்கப்பட்டு, 1914-இல் உலகப் போர் தொடங்கியபோது நடைமுறைக்கு வந்திருந்த கட்டளையை.

பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் அவ்வாணையை ஏற்கவில்லை. நெருக்கடி நிலை இல்லாதபோது நெருக்கடிகால அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்று கூறி, பிரேஸ்கேர்டிலை விடுவித்தது. 1628-இன் உரிமை மனு கூறிய அடிப்படைக் கருத்து, மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இலங்கை நீதிமன்றம் ஒன்றில், அதுவும் தோட்டத் தொழிலாளர் பிரச்சினை ஒன்றை ஒட்டி, உயிர்பெற்றது. 1915-இல் கதவடைத்த நீதிமன்றமே 1937-இல் கதவு திறந்தது. இரண்டுக்கும் இடையே அரசியல் விழிப்புணர்வும் பொதுமக்களின் அழுத்தமும் வளர்ந்திருந்தன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சுதந்திரத்தின் பின்னர்

சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பாக, வேலைநிறுத்த அலையின் மத்தியில், 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இன்றுவரை அவசரகாலப் பிரகடனங்களுக்கு அடிப்படையாக இருப்பது இச்சட்டமே. பிரகடனம் வெளியானதும் அரசாங்கம் அவசரகால ஒழுங்குவிதிகளை ஆக்கலாம். அவை அரசியலமைப்பைத் தவிர ஏனைய சட்டங்களை மீறி நிற்கும். அவற்றின்கீழ் நல்லெண்ணத்துடன் செயற்பட்டோருக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்ற ஏற்பாடும் அச்சட்டத்திலேயே உண்டு. 1915-இல் கலவரத்தின் பின்னர் தனியாக வழங்கப்பட்ட காப்பு, 1947 முதல் முன்கூட்டியே வழங்கப்படும் காப்பாகியது.

1971 மார்ச்சில் பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகால நிலை 1977 வரை நீடித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நிகழ்ந்த மக்கள் விடுதலை முன்னணிக் கிளர்ச்சியின் முக்கிய களங்களுள் ஒன்று கேகாலை மாவட்டம். இதில் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்து இளைஞர்கள். கட்டுப்பாடற்ற அதிகாரம் எந்த ஓர் இனத்துக்கும் நிரந்தர நண்பனாக இருப்பதில்லை என்பதை அந்த ஏப்ரல் மாதம் காட்டியது.

1977 ஓகஸ்ட் வன்செயல்கள் தோட்டப்புறங்களையும் தாக்கின. அவற்றை ஆராய முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையில் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1980-இல் வெளியானது. ஆனால் அறிக்கையைத் தொடர்ந்து வந்தது 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பொறுப்புவிலக்குச் சட்டம். 1977 ஓகஸ்ட் மாதத்தில் சட்டம் ஒழுங்கை நிலைநாட்ட நல்லெண்ணத்துடன் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளுக்கு அது காப்பளித்தது. 1988-இல் அக்காப்பின் காலம் அவ்வாண்டு டிசம்பர் வரை நீடிக்கப்பட்டது.

இவ்விரு சட்டங்களுக்கும் இடையே என்ன நிகழ்ந்தது என்பதைச் சப்ரகமுவத் தோட்ட மக்களிடம் கேட்டாலே போதும். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் லயன்களும் கடைகளும் தாக்கப்பட்டன. ஓகஸ்ட் 17ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பலர் கோவில்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சமடைந்தனர். வவுனியாவை நோக்கிச் சென்று மீண்டும் திரும்பாதவர்களும் உண்டு. 1983 மே மாதத்திலிருந்து அவசரகால நிலை நடைமுறையில் இருந்தது. இறந்தோரின் உடல்களை மரண விசாரணையின்றியே அகற்ற இடமளித்த 15-ஏ ஒழுங்குவிதி ஜூன் 3ஆம் திகதி வெளியானது. அதற்கு அடுத்த மாதமே கறுப்பு ஜூலை. அதாவது, நாட்டின் மிகக் கடுமையான அதிகாரங்கள் அரசாங்கத்தின் கையில் இருந்தபோதே தமிழ் மக்களின் வீடுகள் எரிந்தன. அதிகாரம் போதாமை அவர்களைக் கைவிடவில்லை. அதிகாரத்தை அவர்களுக்காகப் பயன்படுத்தும் விருப்பமே போதவில்லை.

நாடற்றவரும் ஆணைகளும்

தோட்ட மக்களின் நிலை ஏனையோரின் நிலையைவிட மோசமாக இருந்ததற்கு மற்றுமொரு காரணமுண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் அவர்களுள் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேருள் 8,25,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இப்பிரச்சினைக்குப் பெருமளவில் முடிவு கண்டது. இடைப்பட்ட காலம் 55 ஆண்டுகள்.

வாக்கில்லாதவருக்குப் பாராளுமன்ற உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவருக்காகப் பிரகடனத்தின் மீதான விவாதத்தில் பேச எவரும் இல்லை. வழக்கறிஞரை அமர்த்தப் பணமும் இல்லை. 1937-இல் பிரேஸ்கேர்டிலுக்குத் திறந்த நீதிமன்றக் கதவு, தோட்டத் தொழிலாளிக்குப் பெயரளவிலேயே திறந்திருந்தது.

மொழியும் ஒரு தடையே. வர்த்தமானி மும்மொழிகளிலும் அச்சிடப்படினும், சப்ரகமுவவில் நிர்வாக மொழி சிங்களமாகும். அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை வழங்குகின்றது. ஆனால் ஊரடங்கு நேரத்தில் ஒலிபெருக்கி எந்த மொழியில் ஒலிக்கின்றது என்பதே லயன் வாசலில் நிற்பவருக்கு முக்கியம். விளங்காத கட்டளையை மீறினார் என்று ஒருவரைக் கைது செய்வது நீதியாகாது.

அண்மைக்கால அனுபவம்

முஸ்லிம் மக்களும் ஆணைகளின் இரு முகங்களையும் கண்டவர்களே. 2001 மே மாதம் மாவனல்லையில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டபோது ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அது வந்தபோது எரியவேண்டியவை எரிந்து முடிந்திருந்தன. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களை அடுத்து அவசரகால நிலை பிரகடனமானது. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் அவசரகால ஒழுங்குவிதியால் முகத்தை மறைக்கும் ஆடை தடைசெய்யப்பட்டது. சில பயங்கரவாதிகளின் குற்றத்துக்கு எவ்வித தொடர்பும் இல்லாத பெண்கள் வீதியில் இறங்கவே அஞ்சினர். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி, கொவிட் நோயால் இறந்தோரைக் கட்டாயமாகத் தகனம் செய்யும் ஒழுங்குவிதி வந்தது. அது உள்நாட்டுப் போர்க்கால ஆணையல்ல. தனிமைப்படுத்தல் சட்டத்தின்கீழ் வந்தது. ஆயினும், விவாதமின்றி ஒரு தாளில் எழுதப்பட்ட கட்டளை ஒரு சமூகத்தின் அடிப்படை நம்பிக்கையை எவ்வளவு ஆழமாகப் புண்படுத்தலாம் என்பதற்கு அது சான்று. 2021 பெப்ரவரியிலேயே அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது.

நம்பிக்கை தரும் திருப்பமும் இல்லாமலில்லை. 1978 அரசியலமைப்பின்படி, அவசரகாலப் பிரகடனம் 14 நாட்களுக்குள் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டுமாயின் புதிதாகப் பிரகடனம் செய்ய வேண்டும். 1983-இலிருந்து சிறிய இடைவெளிகளுடன் தொடர்ந்த அவசரகால நிலை 2011 ஓகஸ்டில் முடிவுக்கு வந்தது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியது என 2025 ஜூலை 23ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. பிரகடனத்தை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது என்ற வாசகங்கள் சட்டத்தில் இருந்தும் இத்தீர்ப்பு வெளிவந்தமை கவனத்துக்குரியது. பிரேஸ்கேர்டில் தீர்ப்பின் வாரிசாக இதனைக் கொள்ளலாம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

பேரனர்த்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவை நேரும்போது அரசாங்கத்துக்கு விசேட அதிகாரம் தேவைப்படும். அதனை அடியோடு மறுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. வன்முறைக் கும்பல் வாசலில் நிற்கும்போது இராணுவ வாகனத்தின் ஒலிக்காகக் காத்திருந்த அனுபவம் நம் இரு சமூகங்களுக்கும் உண்டு. ஆயினும் எந்த ஒரு பிரகடனம் வெளியானாலும் மூன்று கேள்விகளைக் கேட்க நாம் பழகிக்கொள்ள வேண்டும். இதனை எந்த நீதிமன்றத்தில், யார் கேள்விக்குட்படுத்தலாம்? பாதிக்கப்படும் மக்களின் மொழியில், உரிய நேரத்தில், இது அவர்களைச் சென்றடைந்ததா? இதன் பெயரால் தவறு நடந்தால் பதில் சொல்லவேண்டியவர் யார்?

மூன்றாவது கேள்வியே மிகவும் முக்கியமானது. 1660-இன் மன்னிப்புச் சட்டமேனும் சிலரைப் பெயர் குறித்து விலக்கி, அவர்களைப் பொறுப்புக்கூற வைத்தது. 1915-இன் கட்டளையும் 1982-இன் சட்டமும் அதனைக்கூடச் செய்யவில்லை. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் இன்றும் உள்ள முன்கூட்டிய காப்பு மீளாய்வு செய்யப்பட வேண்டும். நல்லெண்ணம் இருந்ததா இல்லையா என்பதை அதிகாரத்தைப் பயன்படுத்தியவர் தாமே தீர்மானிக்கலாகாது. அதனை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். கலவரத்தால் இழப்புற்றோருக்கான நட்டஈடு இனம் பார்த்து விதிக்கப்படவோ, இனம் பார்த்து மறுக்கப்படவோ கூடாது. தோட்டங்களுக்கான அவசர அறிவித்தல்கள் தமிழில், லயன் மட்டத்தில், அதே வேளையில் விடுக்கப்பட வேண்டும். தோட்டப் பிரதேசங்களின் பிரதேச செயலகங்கள் இதனைத் தமது அன்றாடக் கடமையாகக் கொள்ளலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

1818-இன் துரோகிப் பட்டம் 198 ஆண்டுகளின் பின்னர் நீக்கப்பட்டது. 1948-இன் நாடற்ற நிலை 55 ஆண்டுகளின் பின்னர் நீங்கியது. 1981-இல் காவத்தையிலும் இறக்குவானையிலும் வீடிழந்தோருள் இன்னமும் நம்மிடையே வாழ்ந்து கொண்டிருப்போர் உண்டு. அவர்களுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது.